குடலில் வாழும் கோடானுகோடி விருந்தினர்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. அச்செல்வத்தைக் காக்க வேண்டுமாயின் நோய் எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் வேண்டும். இவ்வாண்டு எங்கள் உயிரியல் வகுப்பில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டிற்று.

பாக்டீரியாக்களைப் பற்றிய பாடம் அன்று நடந்துகொண்டிருந்தது. சில பாக்டீரியாக்களுக்கும் குடலில் தோன்றும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று சிஸ்டர் கூறியதும், எங்கள் தோழி ஒருத்தி எழுந்து நின்றாள். "அப்படியானால் அது ஒட்டிக்கொள்ளும் நோயா, சிஸ்டர்? எங்கள் ஆச்சிக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வீட்டில் ஆச்சியின் தம்ளரையும் தட்டையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். தம்பியை ஆச்சி மடியில் உட்கார விடுவதில்லை" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் கண்கள் கலங்கிவிட்டன. வகுப்பில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

சிஸ்டர் உடனே விடை கூறவில்லை. "இது நல்ல கேள்வி. நீங்களே படித்து, அடுத்த வாரம் வகுப்பில் விடை சொல்லுங்கள். அந்த விடையை இவள் வீட்டுக்குக் கொண்டு போகட்டும்" என்றார். நாங்கள் ஐவர் சேர்ந்து படித்து அறிந்தவற்றையே இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

பெருங்குடலும் அதன் குடிகளும்

நாம் உண்ணும் உணவு இரைப்பையிலும் சிறுகுடலிலும் செரித்து, அதன் சத்து இரத்தத்தில் கலக்கிறது. எஞ்சியது சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலை அடைகிறது. அங்கே நீர் உறிஞ்சப்பட்டு, கழிவு மலக்குடல் வழியாக வெளியேறுகிறது. வெறும் கழிவுப் பாதை என்றுதான் பெருங்குடலை நாங்கள் அதுவரை எண்ணியிருந்தோம். ஆனால் நம் உடலிலேயே உயிர்கள் மிக அடர்த்தியாக வாழும் ஊர் அதுதான்!

நம் உடலில் உள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 இலட்சம் கோடி என்று 2016ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. நம்முடைய சொந்தச் செல்களோ சுமார் 30 இலட்சம் கோடிதான். ஆக, நம் உடலில் நம்மைவிட விருந்தினரே சற்று அதிகம். அவர்களில் பெரும்பாலோர் பெருங்குடலில்தான் குடியிருக்கின்றனர். அத்தனை பேரையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் அளவே இருக்கும்.

இவ்விருந்தினர் சும்மா இருந்து உண்பவர்கள் அல்லர். கீரை, தானியத்தின் தவிடு, பருப்பு, காய்கறி ஆகியவற்றில் உள்ள நார்ச்சத்தை நம்மால் செரிக்க இயலாது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதனை நொதிக்கச் செய்து, பியூட்டிரிக் அமிலம் போன்ற சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதத்தை இந்தப் பியூட்டிரிக் அமிலத்திலிருந்தே பெறுகின்றன. இவையன்றி, வைட்டமின் 'கே'யைச் செய்து தருவதும், தீய கிருமிகள் வந்து குடியேறாமல் இடத்தை அடைத்துக்கொள்வதும் இவர்கள் செய்யும் உதவிகளாகும். எனவே பாக்டீரியா என்றாலே பகை என்று எண்ணுவது தவறு.

புற்றுநோய் தோன்றும் விதம்

பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதிய செல்கள் தோன்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருள் படியெடுக்கப்படுகிறது. அப்போது சில பிழைகள் நேர்வதுண்டு. பல பிழைகளைச் செல்லே திருத்திக்கொள்ளும். திருத்தப்படாத பிழை, செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் அமைந்துவிட்டால், அச்செல் வரம்பின்றிப் பெருகும். முதலில் குடல் சுவரில் 'பாலிப்' என்னும் சிறு மொட்டுப் போன்ற தசை வளர்கிறது. பெரும்பாலான பாலிப்புகள் தீங்கற்றவை. அவற்றுள் சில மட்டும் மேலும் மேலும் பிழைகளைச் சேர்த்துக்கொண்டு புற்றுநோயாக மாறுகின்றன. இதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை ஆகும் என்று மருத்துவர் கூறுகின்றனர்.

இந்தப் பத்தாண்டு இடைவெளியே நமக்குக் கிடைத்த வாய்ப்பு என்பதைத் தோழியர் நினைவில் வைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் உலகில் சுமார் 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். புற்றுநோய்களுள் உயிர்ப்பலி வாங்குவதில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கே.

ஐயம் எழுந்த வரலாறு

குடல் பாக்டீரியாவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1951ஆம் ஆண்டிலேயே மெக்காய், மேசன் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். அவருக்கு இதயத்தின் உட்சவ்வில் பாக்டீரியா தொற்று இருந்தது. கூடவே பெருங்குடலில் புற்றுநோயும் இருந்தது. இதயத்திற்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று பலரும் வியந்தனர்.

1977ஆம் ஆண்டில் கிளைன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ்' என்ற பாக்டீரியாவைத் தேடிப் பலருடைய மலத்தை ஆய்ந்தனர். பெருங்குடல் புற்றுநோய் உடைய 63 பேரில் 35 பேரிடம் அது இருந்தது. நோயற்ற 105 பேரில் 11 பேரிடம் மட்டுமே இருந்தது. அதுமுதல், ஒருவருடைய இரத்தத்தில் இந்த இனத்துப் பாக்டீரியா காணப்பட்டால் அவருடைய பெருங்குடலையும் சோதித்துப் பார்ப்பது மருத்துவர்களின் வழக்கமாயிற்று.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நின்றது. பாக்டீரியா வந்ததால் புற்றுநோய் வந்ததா? அல்லது புற்றுநோய் வந்து சுவர் சிதைந்ததால் பாக்டீரியா அங்கே குடியேறிற்றா? இடிந்த வீட்டில் பாம்பு இருந்தால், வீட்டை இடித்தது பாம்புதான் என்று கூற முடியுமா? இக்கேள்விக்கு விடை காணவே அறிஞர் பல ஆண்டுகள் உழைத்தனர். அவ்வுழைப்பில் மூன்று பாக்டீரியாக்கள் முக்கியமானவையாக வெளிப்பட்டன.

மூன்று ஐயப்பாட்டுக்குரியவர்கள்

முதலாவது, ஈ.கோலை. இது நம் எல்லோர் குடலிலும் பொதுவாக இருக்கும் பாக்டீரியா. ஆனால் இதில் ஒரு வகை மட்டும் 'கோலிபாக்டின்' என்னும் நச்சுப்பொருளைச் செய்கிறது. 2006ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் துலூஸ் நகர அறிஞர்கள் இதனைக் கண்டறிந்தனர். கோலிபாக்டின், டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் முடிச்சுப் போட்டதுபோல் பிணைத்துவிடும். அம்முடிச்சை அவிழ்க்க முயலும்போது இழைகள் அறுந்து பிழைகள் உண்டாகின்றன.

2020ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு அறிஞர்கள் ஓர் அரிய சோதனை செய்தனர். மனிதக் குடல் செல்களிலிருந்து ஆய்வுக்கூடத்தில் சின்னஞ்சிறு குடல் உருண்டைகளை வளர்த்து, அவற்றுள் இந்த ஈ.கோலையை ஐந்து மாதம் திரும்பத் திரும்பச் செலுத்தினர். பின்பு டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தபோது, பிழைகள் ஒரு தனி அமைப்பில் இருந்தன. திருடன் விட்டுச் சென்ற கைரேகை போன்றது அது. அதே கைரேகை உண்மையான நோயாளிகள் சிலரின் புற்றுக் கட்டிகளிலும் இருந்தது! பாம்பு வீடு இடிந்தபின் வந்ததன்று, முன்பே வந்து சுவரைச் சுரண்டியிருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

இரண்டாவது, 'பாக்டீராய்டஸ் ஃப்ராஜிலிஸ்'. இதிலும் நச்சுச் செய்யும் ஒரு வகையே தீயது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாம் கைகோத்து வரிசையாக நிற்பதுபோல், குடல் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று ஒரு புரதத்தால் பிணைந்து நிற்கின்றன. இந்தப் பாக்டீரியாவின் நச்சு அப்பிணைப்பைத் துண்டிக்கிறது. சுவரில் இடைவெளி விழுந்ததும் உடலின் காவற்படைச் செல்கள் ஓடிவந்து போரிடுகின்றன. போர் ஓயாமல் நடந்தால் நாட்பட்ட அழற்சி உண்டாகிறது. அழற்சி புற்றுக்கு உரம். 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிந்தியா சியர்ஸ் என்ற பெண் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் இதனை எலிகளில் காட்டினர்.

மூன்றாவது, நாங்கள் எதிர்பாராதது. 'ஃபூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம்' என்னும் இப்பாக்டீரியா உண்மையில் குடலுக்கு உரியதன்று. நம் பல் ஈறுகளில் வாழ்வது. பல் இடுக்கில் படியும் அழுக்கில் உயிர்கள் நெளிவதை 1683ஆம் ஆண்டிலேயே டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக் தம் கண்ணாடி வில்லையால் கண்டு எழுதினார் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அந்த வாய்க் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று, 2012ஆம் ஆண்டில் பெருங்குடல் கட்டிகளுக்குள் மிகுதியாக இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கனடாவிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே ஒரே ஆண்டில் இதனை வெளியிட்டனர்.

இது கட்டியின் செல்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைப் பெருகத் தூண்டுகிறது. நம் காவற்படைச் செல்கள் கட்டியைத் தாக்காதபடி தடுத்தும் விடுகிறது. 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளிலும் இப்பாக்டீரியா கூடவே சென்றிருப்பதைக் காட்டிற்று. 2024ஆம் ஆண்டில் சியாட்டில் நகர அறிஞர்கள், இதன் ஒரு குறிப்பிட்ட பிரிவே ஏறத்தாழ பாதிக் கட்டிகளில் இருந்தது என்றும், இரைப்பையின் அமிலத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்றும் கண்டனர்.

இளையோர் கவனத்திற்கு

இது முதியோர் நோய்தானே, நமக்கென்ன என்று சில தோழியர் எண்ணக்கூடும். பல நாடுகளில் ஐம்பது வயதுக்குட்பட்டோரிடம் இந்நோய் பெருகி வருகிறது. 2025ஆம் ஆண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 981 நோயாளிகளின் கட்டிகளை ஆய்ந்தபோது, மேலே கூறிய கோலிபாக்டின் கைரேகை, எழுபது வயதுக்கு மேல் நோயுற்றோரைவிட நாற்பது வயதுக்குள் நோயுற்றோரிடம் 3.3 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. அக்கைரேகை அவர்களுடைய சிறு வயதிலேயே, முதல் பத்து ஆண்டுகளுக்குள் பதிந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இளமையில் குடலில் நடப்பது பின்னாளில் பலன் தருகிறது என்பது இதனால் விளங்கும்.

உணவும் விருந்தினரும்

விருந்தினருக்கு நாம் இடும் உணவைப் பொறுத்தே அவர்கள் நடத்தையும் அமைகிறது. அயர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட் பல ஆண்டுகள் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் பணியாற்றியவர். அங்குள்ள கிராம மக்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் மிக அரிதாக இருப்பதைக் கவனித்த அவர், அவர்கள் உண்ணும் நார்ச்சத்து மிகுந்த உணவே காரணமாகலாம் என்று 1971ஆம் ஆண்டில் எழுதினார்.

2015ஆம் ஆண்டில் ஒரு சோதனை இதற்கு விளக்கம் தந்தது. கறுப்பின அமெரிக்கர் 20 பேரும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தம் உணவை மாற்றிக்கொண்டனர். கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த அமெரிக்க உணவைக் கிராமத்தார் உண்டனர்; நார்ச்சத்து மிகுந்த கிராம உணவை அமெரிக்கர் உண்டனர். இரண்டே வாரத்தில் அமெரிக்கரின் குடலில் பியூட்டிரிக் அமிலம் கூடிற்று, அழற்சி குறைந்தது. கிராமத்தாருக்கோ நேர்மாறாக நடந்தது. இரண்டு வாரம் போதுமா என்று நாங்கள் வியந்தோம். புற்றுநோய் வந்ததென்றோ போனதென்றோ இச்சோதனை கூறவில்லை. குடலின் சூழ்நிலை விரைவில் மாறும் என்பதையே காட்டிற்று.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. கடைகளில் டப்பாவிலும் பையிலும் அடைத்து விற்கும் சாசேஜ் முதலியவை இவ்வகையின. நம் பக்கத்துக் கம்பங்கூழும், கேழ்வரகுக் களியும், முருங்கைக் கீரையும், வாழைத்தண்டும், மொச்சையும், அவரையும் விருந்தினர் விரும்பும் உணவுகள். இவற்றைப் பழைய காலத்து உணவு என்று ஒதுக்கும் தோழியர் சற்றுச் சிந்திக்கட்டும்.

தம்ளரைத் தனியே வைக்க வேண்டுமா?

இனி எங்கள் தோழியின் கேள்விக்கு வருவோம். பெருங்குடல் புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்ளும் நோயன்று. நோயாளி குடித்த தம்ளரில் குடிப்பதாலோ, அவர் மடியில் அமர்வதாலோ, அவரைத் தொட்டுப் பணிவிடை செய்வதாலோ புற்றுநோய் வாராது.

பாக்டீரியா ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்லாதா என்று கேட்கலாம். செல்லும். ஒரே வீட்டில் வாழ்வோர் பல பாக்டீரியாக்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஆனால் ஃபூசோபாக்டீரியம் நம்மில் பெரும்பாலோர் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. கோலிபாக்டின் செய்யும் ஈ.கோலை, நல்ல உடல்நலம் உள்ளவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. வயது, பரம்பரை, உணவு, உடற்பருமன், புகை, மது, உழைப்பின்மை எனப் பல காரணங்கள் பல ஆண்டுகள் கூடினால்தான் நோய் தோன்றுகிறது. பாக்டீரியா அக்கூட்டத்தில் ஒன்று. அது மட்டுமே காரணமன்று.

அப்படியானால் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை விழுங்கி எல்லாப் பாக்டீரியாவையும் கொன்றுவிடலாமே என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். 2017ஆம் ஆண்டு ஆய்வில், ஃபூசோபாக்டீரியம் உள்ள மனிதக் கட்டியை எலிகளுக்குள் வைத்து வளர்த்தபோது, ஓர் ஆன்டிபயாட்டிக் மருந்து கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது உண்மையே. ஆனால் அது எலிகளில் கண்டது. மேலும், களை பறிக்கப் போய்ப் பயிரையும் சேர்த்துப் பிடுங்குவதுபோல, அம்மாத்திரைகள் நமக்கு உதவும் பாக்டீரியாக்களையும் அழித்துவிடும். ஆகவே மருத்துவர் சொல்லாமல் அவற்றை உண்ணுதல் கூடாது.

வெட்கம் என்னும் பகை

எங்கள் தோழியின் ஆச்சி நோயைப் பற்றிச் சொன்னது எங்கள் நெஞ்சைத் தொட்டது. ஒரு வருடத்திற்கு மேலாக மலத்தில் இரத்தம் போயிருக்கிறது. மூலமாக இருக்கும் என்று தாமே எண்ணிக்கொண்டு, மகனிடமும் மருமகளிடமும் சொல்ல வெட்கப்பட்டு, நாட்டு மருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். "இதையெல்லாம் போய் எப்படிச் சொல்வது, தாயி?" என்று பேத்தியிடம் கேட்டார்களாம். மயங்கி விழுந்த பிறகே மருத்துவமனைக்குச் சென்றார்கள்.

மலத்தில் இரத்தம், பல வாரம் நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது பேதி, காரணமின்றி உடல் இளைத்தல், இரத்தச் சோகை, ஓயாத வயிற்று வலி ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவை மூலம் முதலிய சிறு நோய்களாலும் வரலாம். ஆனால் அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் மலப் பரிசோதனையால் அறியலாம். கொலோனோஸ்கோப்பி என்னும் சோதனையால் குடலின் உள்ளே பார்த்து, பாலிப் இருந்தால் புற்றாக மாறுமுன்பே அகற்றிவிடலாம். அமெரிக்காவில் நோய்க்குறி ஏதும் இல்லாதவரும் 45 வயது முதல் இச்சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் பரிந்துரைக்கப்பட்டது. குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் வந்திருந்தால் மற்றவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே யோசனை கேட்பது நன்று.

இங்கே ஒரு பெருமாட்டியை நினைவுகூர விரும்புகிறோம். புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் துணிந்து சேர்ந்து, 1912ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க முடியவில்லையே என்ற துயரம் அவர் உள்ளத்தில் நிலைத்தது. அத்துயரத்தின் பயனே 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை. ஒரு பெண்ணின் கண்ணீர் பல்லாயிரம் குடும்பங்களின் கண்ணீரைத் துடைத்தது.

முடிவுரை

தோழியரே! நாம் கற்றவற்றைச் சுருங்கக் கூறின், குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நண்பர்களே. அவற்றுள் சில, தக்க சூழ்நிலை அமைந்தால், புற்றுநோய்க்குத் துணை போகின்றன. நார்ச்சத்துள்ள உணவை உண்போம். நாள்தோறும் இருமுறை பல் துலக்கி ஈறுகளைத் தூய்மையாக வைப்போம். ஓடியாடி விளையாடுவோம். இவற்றைவிட முக்கியமாக, நம் வீட்டுப் பெரியவர்களிடம் உடல்நலத்தை வெட்கமின்றி விசாரிப்போம். அம்மாவோ ஆச்சியோ சொல்லத் தயங்குவதைக் கேட்டறியப் படித்த பெண்களாகிய நாமே தக்கவர்கள்.

எங்கள் தோழி, வகுப்பில் நாங்கள் எழுதிய விடையை வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினாள். மறுநாள் காலை அம்மா, தனியே வைத்திருந்த தம்ளரை எடுத்து மற்றவற்றோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தார்களாம். ஆச்சி ஒன்றும் பேசவில்லையாம். தம்பி மட்டும் ஓடிப்போய் ஆச்சி மடியில் ஏறிக்கொண்டானாம்.